தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள்: திதியும் தக்காளியும்

வியாழக்கிழமை, இரவு

பெரிய மாமா: அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் மூன்றாம் ஆண்டுத் திதி என்பதால் எல்லோரும் எப்படியும் கோலாலம்பூர் செந்தூலில் நம் வீட்டுக்கு வரப்போகிறீர்கள். சித்திரையில் நான் நாற்றாகப் பிரித்துக் கொடுத்த ஆறு வகை மரபுத் தக்காளிகளில் காய்த்தவற்றைக் கையோடு கொண்டு வந்தால், படையல் முடிந்தபின் சுவைத்துப் பார்த்து, அம்மா தோட்டத்து லயத்து வீட்டின் பின்னால் வளர்த்த தக்காளிக்கு எது நெருங்கி வருகிறது என்று அன்றே முடிவு கட்டலாம். அந்த வகையின் விதையை மட்டும் எடுத்து வைப்போம். யாரிடம் எது எவ்வளவு காய்த்தது என்று இந்தக் குழுவில் முழு வாக்கியத்தில் எழுதவும். குரல் பதிவு வேண்டாம்.

செல்வி: யெல்லோ பேர் 40க்கு மேல் காய்த்திருக்கிறது, மாமா. பிராண்டிவைன் சுழியம்.

பினாங்கு அண்ணன்: எனக்கும் பிராண்டிவைன் சுழியம். கல்யாண வீட்டுப் பந்தல் போல் பூத்தது. ஒரு பூவும் நிற்கவில்லை.

சின்ன மாமா: எனக்குப் பிராண்டிவைன் 14 காய்த்தது. மிகப் பெரியது 410 கிராம். படம் அனுப்பவா?

செல்வி: வேண்டாம் மாமா. மனம் தாங்காது.

பெரியம்மா: திதி அன்று தக்காளியா?

பினாங்கு அண்ணன்: தொடங்கிவிட்டது.

பெரிய மாமா: முதலில் பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லிவிடுகிறேன், அக்கா. பூ உதிர்ந்தது உங்கள் குற்றமன்று. தக்காளியின் தாய்நிலம் தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதி. இரவில் காற்று குளிரும் இடங்களில் நன்றாகக் காய்க்கும் செடி அது. இரவு வெப்பம் 21 பாகை செல்சியசைத் தாண்டிக்கொண்டே இருந்தால் பிராண்டிவைன் போன்ற பெரிய பழ வகைகளின் மகரந்தம் வலுவிழக்கத் தொடங்கும். 24ஐத் தாண்டினால் பூ கருவுறாமல் காம்போடு உதிர்ந்துவிடும். கோலாலம்பூரில் விடியற்காலையில்கூட வெப்பம் பெரும்பாலும் 24ஐ ஒட்டியே நிற்கும், பினாங்குப் பக்கம் பட்டர்வொர்த்திலும் அப்படியே. நம் ஊர் ஈரக்காற்றில் மகரந்தம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உதிராமலும் போகும். இதைக் கண்டு பயந்து உரத்தை அள்ளிப் போடுகிறவர்கள் இலையைத்தான் வளர்ப்பார்கள். சிறு பழ வகைகள் வெப்பத்தை இன்னும் சற்றுத் தாங்குவதால்தான் யெல்லோ பேரும் மேட்ஸ் வைல்ட் செர்ரியும் நம் வீடுகளில் காய்த்தன. சின்னவன் இருக்கும் தானா ராத்தா, கேமரன் மலையில் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே சின்னவனுக்குக் காய்த்ததில் அவனுடைய கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை.

சின்ன மாமா: கடைசி வாக்கியம் தேவையற்றது, அண்ணே.

செல்வி: முழு வாக்கியம்தானே, மாமா.

பினாங்கு அண்ணன்: பத்தாவது மாடிக்குத் தேனீ வராது என்று மின்சாரப் பல்துலக்கியைப் பூக்காம்பில் வைத்துக் காலை 9 மணிக்கு அதிர வைத்தேன். சிறு தக்காளிக்குப் பலன் தெரிந்தது. அது யாருடைய பல்துலக்கி என்று உங்கள் மருமகள் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

பெரியம்மா: நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. அப்பாவின் திதிக்கு அம்மா என்ன சமைத்தார் என்பது தம்பிக்கு மறந்துவிட்டதா? வாழைக்காய், சேனை, அவரை, பாகற்காய், புடலை, இவ்வளவுதான். தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டு வந்த காய். திதி அன்று அவற்றை அடுப்புப் பக்கமே விடமாட்டார். ரசம்கூடப் புளியும் மிளகும் மட்டுமே போட்டதுதான். அந்த அம்மாவின் திதியில் அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து தக்காளிக்கு மதிப்பெண் போடப் போகிறீர்களா?

செல்வி: மிளகாயும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதானே, பெரியம்மா?

பெரியம்மா: அதனால்தான் மிளகு என்று எழுதினேன்.

மெல்பர்ன் குமரன்: சுவை பார்ப்பதை முதல் நாள், சனிக்கிழமை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள். என்னையும் காணொளியில் சேருங்கள். இங்கே குளிர்காலம், என் செடி வைக்கோலாக நிற்கிறது. அப்போதே நான் உறையில் போட்டு விதை அனுப்பியிருந்தால் உங்களுக்கு இன்னும் 10 வகை கிடைத்திருக்கும்.

பெரிய மாமா: நடுவதற்கான விதையை வெளிநாட்டிலிருந்து இறக்க, மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின்படி இறக்குமதி அனுமதி வேண்டும் என்று உனக்கு மூன்று முறை எழுதியிருக்கிறேன். விதையின் மேலேயே நோய் பயணம் செய்யும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் வீட்டுக்குக் கள்ள விதை வரக்கூடாது.

மெல்பர்ன் குமரன்: சரி. பேசவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை

பெரிய மாமா: காலை வணக்கம். இதுவரை வந்த கணக்கு இது. மேட்ஸ் வைல்ட் செர்ரி எல்லோரிடமும் உண்டு. யெல்லோ பேர் செல்வியிடமும் என்னிடமும் உண்டு. செரோக்கி பர்ப்பிள் என் வீட்டில் இரண்டே இரண்டு. பிளாக் கிரிம் மூன்று காய்த்தது. புதன்கிழமை மாலை கொட்டிய மழையில் மூன்றும் தோளில் வெடித்துவிட்டன. வறண்டிருந்த சட்டியில் திடீரென்று நீர் ஏறினால் சதை பருக்கும் வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காது. கூரையின்கீழ் நகர்த்துங்கள் என்று சொன்னவன் நான்; நகர்த்தாதவனும் நானே. கிள்ளானிலிருந்து அக்காவின் கணக்கு இன்னும் வரவில்லை.

பெரியம்மா: என் செடி வைகாசியிலேயே செத்துவிட்டது. பச்சையாக இருந்தபடியே ஒரே நாளில் தொங்கிவிட்டது. நீ வருத்தப்படுவாய் என்று சொல்லவில்லை.

பெரிய மாமா: அக்கா, சட்டியில் வீட்டு மண்ணைச் சேர்த்தீர்களா?

பெரியம்மா: இரண்டு கைப்பிடி. நீ கொடுத்தது தேங்காய் நார்த்தூளும் உமிக்கரியும். மண்ணே இல்லாமல் ஒரு செடி எப்படி வளரும்?

பெரிய மாமா: அந்த இரண்டு கைப்பிடிதான், அக்கா. பாக்டீரியா வாடல் நோய் மண்ணில் குடியிருப்பது; கத்தரி, மிளகாய், தக்காளி வைத்த நிலத்தில் ஆண்டுக்கணக்கில் தங்கும். இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே துவளும். தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிட்டால் வெட்டுவாயிலிருந்து பால் போல் இழை இறங்கும், அதுவே அடையாளம். இதற்குப் பயந்துதான் ஆளுக்கு 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டு, மண் கலவாத கலவை நிரப்பித் தந்தேன். தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் இந்த நோய்க்குத் தப்பவே கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டச் சொல்கிறது. அடுத்த முறை உங்களுக்கு மட்டும் ஒட்டுச் செடி தருகிறேன்.

பெரியம்மா: அம்மா மண்ணில்தான் வளர்த்தார். பாத்திரம் கழுவிய தண்ணீரைத்தான் ஊற்றினார்.

சின்ன மாமா: அக்கா சொல்வதும் சரிதானே, அண்ணே.

பெரிய மாமா: அம்மாவின் விதை அந்த மண்ணில் பல தலைமுறை வாழ்ந்து, தாங்கியது மட்டும் மிஞ்சி வந்த விதை. நாம் வைத்திருப்பவை வேறு ஊர்க் குளிருக்குத் தேறி வந்தவை. பிளாக் கிரிம் கிரிமியாவைச் சேர்ந்தது. செரோக்கி பர்ப்பிள் அமெரிக்காவின் டென்னசியிலிருந்து 1990இல் ஓர் அஞ்சல் உறையில் வேறொரு தோட்டக்காரர் கைக்குப் போய், அவர் பெயர் வைத்ததால் உலகத்துக்குத் தெரிந்தது. கிரீன் சீப்ராவை டாம் வாக்னர் என்பவர் 1983இல்தான் வெளியிட்டார். கண்டிப்பாகப் பார்த்தால் அதை மரபு வகை என்றே சொல்லக்கூடாது.

செல்வி: 1983 என்றால் சின்ன மாமாவின் கல்யாணத்துக்கு முந்தியது. மரபு வகை என்று எழுதிக்கொள்ளலாம்.

பினாங்கு அண்ணன்: இதே இடத்தில் ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஏழாவதாக நான் சன்கோல்டும் வைத்தேன். மற்ற எல்லாவற்றையும்விட இனிப்பு அதுதான்.

பெரிய மாமா: சன்கோல்டு எப்-1 கலப்பினம். அதன் விதையைப் போட்டால் தாயைப் போல் பிள்ளை வராது. போட்டியில் இல்லை.

பினாங்கு அண்ணன்: சாப்பிடலாமா?

பெரிய மாமா: சாப்பிடலாம். மதிப்பெண் கிடையாது.

சின்ன மாமா: விதை பற்றி இவ்வளவு பேசுகிறோம். அம்மாவின் விதையே நம் கையில் இருந்ததுதானே? சாம்பலில் புரட்டித் தமிழ் நேசன் தாளில் காயவைத்து பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார். தோட்டத்தை விட்டுச் செந்தூலுக்கு வந்தபோது டப்பாவும் வந்தது. ஒரு தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்தபோது அது குப்பைக்குப் போயிற்று. நான் யாரையும் குறை சொல்லவில்லை.

செல்வி: மாமா…

பினாங்கு அண்ணன்: அது வேண்டாமே, மாமா.

பெரிய அத்தை: நான் இந்தக் குழுவில் எழுதுவதில்லை. ஆனால் இதற்கு எழுத வேண்டியிருக்கிறது. அந்தப் பொட்டலத்தைப் பிரித்தபோது பாதி விதையைப் பூச்சி தின்றிருந்தது. மீதி கறுத்துப் போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் அத்தையிடம், உங்கள் அம்மாவிடமே, காட்டினேன். அவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு, இனி முளைக்காது, போட்டுடு” என்றார். போட்டேன். டப்பாவை எறியவில்லை. அதில் இன்றும் கடுகு வைத்திருக்கிறேன்.

பெரிய மாமா: தக்காளி விதை காய்ந்த இடத்தில் நன்றாக இருந்தாலும் நான்கு ஆண்டு முதல் பத்து ஆண்டு வரைதான் முளைப்புத் தாங்கும். நம் ஈரத்தில் அதற்கும் குறைவு.

செல்வி: இத்தனை வருடம் கழித்துத்தான் இதைச் சொல்கிறீர்களா, மாமா?

பெரியம்மா: டப்பா இருக்கிறதா? மூடியில் ரோஜாப் பூ போட்டதா?

பெரிய அத்தை: அதேதான், அக்கா.

வெள்ளிக்கிழமை, இரவு

பெரிய மாமா: சனிக்கிழமை மாலை என்பதை ஏற்றுக்கொள்கிறேன், திதி நாளில் சமையலறைக்குள் தக்காளி வராது. சுவைக்கும் முறை இதுதான். ஒவ்வொரு வகையும் பெயர் இல்லாமல் எண் இட்ட தட்டில் வரும். எந்த எண் எது என்பது செல்விக்கு மட்டும் தெரிந்திருக்கும். முதல் சுற்றில் உப்பு, சர்க்கரை, சம்பால் எதுவும் கிடையாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் வெறும் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் உண்டு. இனிப்பு, புளிப்பு, மணம், தோல், சதை என்று ஐந்தையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். சர்க்கரையும் அமிலமும் நாக்குக்குத் தெரியும். தக்காளியைத் தக்காளியாக்குவது மூக்குக்குப் போகும் மணமே. ஆகவே எவரும் பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக்கூடாது. புளோரிடாப் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் 5 பாகைக் குளிரில் கிடந்த பழம் வெளியே எடுத்துச் சூடேறிய பிறகும் மணத்தை முழுமையாக மீட்கவில்லை என்று காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் சுற்றில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ரசம் வைப்போம். நாம் தேடுவது ரசத்தில் தெரிந்த புளிப்பைத்தானே தவிர அறுத்துத் தின்னும் இனிப்பையன்று.

பெரியம்மா: ஆறு ரசமா? யார் வைப்பது?

பெரிய மாமா: அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பெரிய அத்தை: பேசிக்கொள்ளலாம்.

செல்வி: என் யெல்லோ பேர் வெளிறிய மஞ்சளாகவே இருக்கிறது. அது இயல்பு. ஆனால் வைல்ட் செர்ரியும் சிவக்காமல் ஆரஞ்சு நிறத்தில் நிற்கிறதே, பழுத்ததா இல்லையா?

பெரிய மாமா: 30 பாகைக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது, மஞ்சள் நிறமி மட்டும் மேலோங்கும். நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் நிழலில் வை. காம்பில் விட்டால் கொண்டைக்குருவிக்குத்தான்.

பினாங்கு அண்ணன்: கல்யாணத்தில் கொடுத்த வலைப்பையை நான் பூக்கொத்துக்குக் கட்டியிருக்கிறேன். குருவியும் வராது, வேறு செடியின் மகரந்தமும் வராது.

பெரிய மாமா: நல்லது. அதிலிருந்து விதை எடுக்கலாம். சதையோடு குவளையில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு கரைந்ததும் அலசிக் காயவை. எல்லோரும் சட்டியின் கீழ்த் தட்டில் தண்ணீர் தேங்காமல் பாருங்கள். கொசு வளர்த்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் தக்காளி என்று பார்க்காது.

சின்ன மாமா: என் மலைப் பழங்கள் போட்டியில் உண்டா இல்லையா?

மெல்பர்ன் குமரன்: ஒரே விதை, இரண்டு ஊர். பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்றால்தான் சுவை விதையிலா குளிரிலா என்பது தெரியும்.

பெரிய மாமா: வேண்டுமானால் தனித் தட்டு.

சின்ன மாமா: தனித் தட்டு என்றால் நான் தனியாளா?

பெரியம்மா: சண்டை வேண்டாம். சனிக்கிழமை எல்லோரும் கிள்ளானுக்கு வாருங்கள். ஞாயிறு திதிச் சமையல் இருக்கும் வீட்டில் முதல் நாள் ஆறு ரசம் வைக்கச் சொல்லித் தம்பி மனைவியை வாட்டாதீர்கள். டப்பாவையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

பெரிய மாமா: சட்டிகள் செந்தூலில் இருக்கின்றன, அக்கா. செடியிலிருந்து பறித்த உடனே சுவைப்பதுதான் முறை.

பெரியம்மா: பழம் நடக்காதா?

சனிக்கிழமை, பிற்பகல்

சின்ன மாமா: தாப்பாவைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிவிட்டேன். 11 கிலோ இருக்கிறது. கிள்ளானுக்குப் போவதா, செந்தூலுக்கு வருவதா என்று யாராவது ஒருவர் சொல்லுங்கள்.

பெரிய மாமா: பழத்தை ஐஸ் பெட்டியில் வைக்கவில்லை அல்லவா?

சின்ன மாமா: பின் இருக்கையில் வாரும் போட்டு உட்கார வைத்திருக்கிறேன், அண்ணே. எந்த வீடு?

செல்வி: நான் இப்போதுதான் கெப்போங்கிலிருந்து கிளம்புகிறேன். எனக்கும் தெரிய வேண்டும்.