கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைக்கு எத்தனை பரிசு? பார்த்ததைச் சொல்லுங்க

குடில்கட்டி

எல்லாருக்கும் தெரிஞ்ச காட்சிதான், அதனால முன்கதை வேண்டாம். ஆறு வயசுப் பையன், மூணு வயசுத் தங்கச்சி. ஆளுக்குப் பத்துன்னு பேச்சு. கடைசி வாரத்துல அம்மா ஒரு ஸ்டிக்கர் புத்தகம், அப்பா ஒரு பந்து, ரெண்டும் சின்னவளுக்கு. ஒருத்தர் வாங்கினது இன்னொருத்தருக்குத் தெரியாது. பன்னிரண்டு ஆச்சு.

காலையில எல்லாம் பிரிச்சு முடிஞ்சது. பையன் விளையாடப் போகல. கிழிச்ச பேப்பரைத் தன்னோடது ஒரு குவியல், பாப்பாவோடது ஒரு குவியல்னு ஒதுக்கினான். பேரு எழுதின அட்டைகளை மட்டும் உருவி, தரையில ரெண்டு வரிசையா அடுக்கி, விரலால தொட்டுத் தொட்டு எண்ணினான். "எனக்குப் பத்து. பாப்பாவுக்குப் பன்னெண்டு." அழல, கத்தல. கணக்கைச் சொன்னான், அவ்வளவுதான். அவனுக்கு வந்ததுல ஒரு ரிமோட் கார் இருந்துச்சு. பாப்பாவோட பன்னெண்டையும் கூட்டினாலும் அந்த ஒரு காரோட விலை வராது.

எத்தனைன்னு எப்படி முடிவு பண்றாங்க, எந்த இடத்துல சறுக்குது, பார்த்ததைப் போடுங்க. "பரிசை விட அன்புதான் பெரிசு" வகைப் பதில் தயவுசெஞ்சு வேண்டாம்.

டேப்பும்_கத்தரியும்

விலையைப் பத்திப் பேசி அந்த வயசுக்குப் பிரயோஜனம் இல்லீங்க. ஏழெட்டு வயசு வரைக்கும் பிள்ளைக்குக் கணக்குன்னா பார்சல் எண்ணிக்கைதான், அடுத்து பார்சலோட சைஸ். விலை அதுக்கு அப்புறம்தான் மண்டையில ஏறும். பத்து வயசு தாண்டினா தலைகீழா மாறிடும், ஒரே டப்பா போதும், உள்ள என்ன மாடல்னுதான் பார்ப்பாங்க. அதனால வயசு வித்தியாசம் உள்ள வீட்டுல ரெண்டு கணக்கு ஓடணும். சின்னதுக்கு எண்ணிக்கை, பெரிசுக்குத் தொகை.

ஒரு வீட்டுல பார்த்தது: பன்னெண்டு வயசுப் பொண்ணுக்கு ஃபோன் மட்டும். நாலு வயசுத் தம்பிக்கு ஒன்பது. தம்பி ஒன்பதையும் பிரிச்சு முடிக்கிற வரைக்கும் அவ மடியில அந்த ஒரு டப்பாவைப் பிரிக்காமலே வச்சிருந்தா. பிரிச்சுட்டா முடிஞ்சிடும்ல. ஃபோன் கவரைத் தனியா, ஹெட்செட்டைத் தனியா, ஒரு புத்தகத்தைத் தனியாச் சுத்தியிருந்தா நாலு ஆகியிருக்கும், ஒரு பைசா கூடுதல் செலவு இல்லாம.

எண்ணிக்கையைக் கூட்டுறவங்க பேப்பர் கணக்கை மறந்துடுறாங்க. 24-ஆம் தேதி ராத்திரி பதினொரு மணிக்கு ரோல் தீர்ந்து போறது இதனாலதான். டப்பாவைச் சுத்தி ஒரு சுற்று, கூட 3 செ.மீ.; இது ஒரு பக்கம். டப்பாவோட நீளம், உயரம், கூட 3 செ.மீ.; இது மறு பக்கம். 30-க்கு 20-க்கு 10 டப்பான்னா 63-க்கு 43 துண்டு. 70 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளம் உள்ள ரோல்ல இது மூணு வரும், 189 செ.மீ. போயிடும். ஆனா வெட்ட ஆரம்பிக்கும்போதே குறுக்க வெட்டாதீங்க. முதல்ல நீளவாக்குல 27 செ.மீ. பட்டை ஒண்ணை ரோல் முழுசுக்கும் உரிச்சு எடுத்துடுங்க. மிச்சம் 43 அகலம், அதுல மூணு டப்பா. அந்த 27 பட்டையில 33 செ.மீ.க்கு ஒண்ணா ஆறு துண்டு, ஒவ்வொண்ணும் 20-க்கு 13 சைஸ்ல ஒல்லியான புத்தகத்துக்குச் சரியா இருக்கும். ஒரு ரோல்ல ஒன்பது பரிசு. குறுக்க வெட்டிட்டா ஒவ்வொரு டப்பாவுக்கும் 63 நீளத்துல ஒரு துண்டு மிஞ்சும், அதுல ஒரு புத்தகம்தான் வரும், பாக்கி 30 குப்பைக்கு. உருண்டையா இருக்கிறதையும் கை கால் நீட்டிட்டு இருக்கிற பொம்மையையும் சுத்தவே முயற்சி பண்ணாதீங்க. பை, இல்லேன்னா பழைய செருப்பு டப்பா.

நாலே_நாலு

இவ்வளவு கணக்கு எதுக்கு? ஆசைப்பட்டது ஒண்ணு, தேவையானது ஒண்ணு, உடுத்த ஒண்ணு, படிக்க ஒண்ணு. நாலு. எல்லாப் பிள்ளைக்கும் நாலு. இன்னும் குறைக்கணும்னா மூணு: பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம். பாலன் இயேசுவுக்கே மூணுதானே வந்துச்சு.

இந்த விதி எங்க உடையும்னா "தேவையானது"ங்கிற இடத்துல. எப்படியும் வாங்கித்தான் ஆகணும்னு இருந்த பொருளை அதுக்குள்ள தள்ளிடுறாங்க. ஒரு எட்டு வயசுப் பொண்ணு, பெரிய டப்பா, மேல தங்கக்கலர் ரிப்பன். திறந்தா ஸ்கூல் ஷூ. உள்ள இருந்த டிஷ்யூ பேப்பரைத் தூக்கி அடியில ஏதாவது இருக்கான்னு பார்த்தா. மறுபடி ஒரு தடவை பார்த்தா. அப்புறம் "தேங்க்ஸ்" சொன்னா. அந்த ரெண்டாவது தடவை பார்த்தா பாருங்க, அதுதான் மனசை விட்டுப் போகல.

தேவைன்னா பிள்ளைக்குத் தேவை. கதவுல மாட்டுற மாதிரி அவங்களுக்குன்னு ஒரு விளக்கு, பேரு போட்ட தண்ணி பாட்டில், பூட்டு உள்ள டப்பா, இந்த மாதிரி.

ஸ்பேனர்_பை

"மூணுதானே வந்துச்சு"ன்னு சொன்னவருக்கு: மத்தேயு 2:11-ல மூணு வகைதான் எழுதியிருக்கு, அதைக் கொண்டுவந்த சாஸ்திரிகள் எத்தனை பேருன்னே எழுதலை. பொன் ஒரு கட்டியா ஒரு மூட்டையான்னும் இல்லை. அதை வச்சு எண்ணிக்கைக்கு விதி போடாதீங்க.

விஷயத்துக்கு வரேன். எத்தனைன்னு எண்ணுறதை விட, காலையில எத்தனை உடனே வேலை செய்யும்னு எண்ணுங்க. பத்து பரிசுல ஏழுக்கு பேட்டரி, மூணுக்கு சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒண்ணுக்கு ரெண்டு மணிநேர அப்டேட். ஒரு வீட்டுல ஒரு பையன் கேம் கன்ட்ரோலரைக் கையில பிடிச்சபடி டிவியில ஓடுற டவுன்லோட் சதவீதத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான். பதினொண்ணு. பதினொண்ணு. பன்னெண்டு. உலகம் பூரா அன்னைக்குக் காலையிலதான் எல்லாரும் பெட்டியைப் பிரிப்பாங்க, சர்வர் திணறத்தான் செய்யும். ரெண்டு நாள் முன்னாடியே பிரிச்சு, அப்டேட் போட்டு, பிள்ளைக்கான அக்கவுண்ட் உருவாக்கி, கன்ட்ரோலரை முழு சார்ஜ் ஏத்தி, மறுபடி பெட்டியில வச்சு ஒட்டுங்க. பிளாஸ்டிக் முறுக்குக் கம்பியால அட்டையில கட்டி வர்ற பொம்மைகளையும் அப்பவே அவிழ்த்துடுங்க. ஒரு பொம்மைக்கு எட்டு முறுக்கு இருக்கும், மூணு வயசுப் பிள்ளைக்கு எட்டு முறுக்கு வரைக்கும் பொறுமை இருக்காது.

ஒரே பெரிய பரிசா சைக்கிள் கொடுக்கிறவங்களுக்கு. ராத்திரி பன்னெண்டு மணிக்கு மாட்டும்போது ரெண்டே தப்புதான் திரும்பத் திரும்ப நடக்குது. ஒண்ணு, முன் ஃபோர்க்கை, அதாவது முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கவையை, திருப்பிப் போடுறது. ஃபோர்க்கோட வளைவு முன்பக்கமா போகணும், பிரேக் கட்டை ஃபோர்க்குக்கு முன்னால இருக்கணும். பின்னால இருந்தா திருப்பிட்டீங்கன்னு அர்த்தம். ரெண்டாவது, இடது பெடல். அதுக்கு மரை எதிர்ப்பக்கம். வலது பெடல் கடிகாரச் சுத்துல இறுகும், இடது பெடல் எதிர்ச்சுத்துல இறுகும். இது தெரியாம ஸ்பேனர் போட்டு அழுத்தினா எஃகு பெடல் கிராங்கோட, அதாவது பெடல் மாட்டுற தண்டோட, மரையைத் தின்னுடும், கிராங்கையே மாத்தணும். முதல் மூணு சுத்து கையாலதான். கையால போகலேன்னா தப்பான பக்கம், இல்லேன்னா தப்பான பெடல்.

கணக்கு_வாத்தியார்

எண்ணிக்கைக்கு ஆதாரம் வேணும்னா இருக்கு. அமெரிக்காவோட டொலீடோ பல்கலைக்கழகத்துக்காரங்க 2018-ல வெளியிட்ட ஆய்வு. 18 முதல் 30 மாதம் வரையுள்ள 36 குழந்தைகளை ஒரு தடவை 4 பொம்மையோடும் இன்னொரு தடவை 16 பொம்மையோடும் விளையாட விட்டாங்க. 4 இருந்தப்போ ஒவ்வொரு பொம்மையோடும் அதிக நேரம் செலவாச்சு, விளையாடுற விதமும் கூடுச்சு. 16 இருந்தப்போ ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குத் தாவல்தான். அதனால நாலுதான் சரி.

பெரியவங்க கணக்கும் உண்டு. பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் 1993-ல கணக்குப் போட்டார்: பரிசுக்குக் கொடுத்த விலையில பத்துல ஒரு பங்கு முதல் மூணுல ஒரு பங்கு வரைக்கும், வாங்கிக்கிறவர் பார்வையில வீண்.

டேப்பும்_கத்தரியும்

வாத்தியாரே, அந்த முதல் ஆய்வுல பொம்மை ஒரே நேரத்துல கண்ணு முன்னாடி எத்தனை இருந்துச்சுன்னுதான் பார்த்தாங்க, எத்தனை வாங்கினாங்கன்னு இல்ல. பன்னெண்டு வாங்கி, நாலை வெளிய வச்சு, எட்டை அலமாரியில வச்சு மாத்தி மாத்திக் கொடுத்தாலும் அந்த ஆய்வுக்குப் பொருந்தும். நீங்க ரெண்டாவதா சொன்னது காலேஜ் மாணவர்கள்கிட்ட கேட்ட கணக்கு. அத்தை வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரை இருபது வயசுப் பையன் மதிப்பிடுறதும் நாலு வயசுப் பிள்ளை பந்தை மதிப்பிடுறதும் ஒண்ணா?

கணக்கு_வாத்தியார்

அலமாரியில வைக்கிறவங்க எத்தனை பேர்னு சொல்லுங்க பார்ப்போம்.

சின்னம்மா_வீடு

யாருமே சொந்தக்காரங்களைக் கணக்குல சேர்க்கலையே! பெத்தவங்க நாலுன்னு முடிவு பண்ணுவாங்க. அம்மா வழித் தாத்தா பாட்டி ரெண்டு, அப்பா வழி ரெண்டு, அத்தை ஒண்ணு, மாமா ஒண்ணு, சித்தி ஒண்ணு, ஞானத்தாய் ஒண்ணு. பன்னெண்டு ஆச்சா? மூணு பிள்ளைன்னா முப்பத்தாறு. ஒருத்தர் பிரிக்க மத்தவங்க பார்க்கணும்னு வச்சா, ஒண்ணுக்கு மூணு நிமிஷம், நூத்தி எட்டு நிமிஷம். நடுவுல கடைக்குட்டி தூங்கிடும். நிஜமாவே ஒரு குழந்தை ஏழாவது பார்சலை மார்போட அணைச்சபடி, அதைப் பிரிக்காமலே, பேப்பர் குவியல் மேல தூங்கிப் போச்சு. அந்த ஏழாவதுக்குள்ள என்னன்னு அதைக் கொடுத்த பெரியம்மாவுக்கு மட்டும்தான் அவசரம்.

நவம்பர் தொடக்கத்துலயே ஒரு பட்டியல், ஒரே ஆள் கையில. வாங்கினவர் சொல்லணும், பட்டியல் வச்சிருக்கிறவர் அதை அடிச்சு விடணும். ரெண்டு பேர் கையில பட்டியல் இருந்தா அதே டைனோசர் ரெண்டு வரும். தாத்தா பாட்டிக்கு "பொம்மை வேண்டாம்"னு சொன்னா மனசு நோகும், அதனால என்ன வேணும்னு குறிப்பாச் சொல்லுங்க: இந்த சைஸ் சட்டை, இந்த வரிசையில மூணாவது புத்தகம். அக்டோபர்லயே வாங்கி வைக்கிறவங்க திருப்பிக் கொடுக்கிற கெடுவைப் பாருங்க. முப்பது நாள் கெடுன்னா பார்சலைப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே கெடு முடிஞ்சிருக்கும்.

டிசம்பர்ல பொறந்த பிள்ளை இருந்தா பிறந்தநாள் பரிசைக் கிறிஸ்துமஸ் பேப்பர்ல சுத்தாதீங்க. "ரெண்டுக்கும் சேர்த்து"ங்கிற வார்த்தையை அந்தப் பிள்ளை நாற்பது வயசுலயும் மறக்காது.

இன்னொண்ணு, கிறிஸ்துமஸ் தாத்தா பேர்ல சின்னப் பரிசை மட்டும் போடுங்க. விலை உயர்ந்ததை அப்பா அம்மா பேர்லயே கொடுங்க. பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளைக்குத் தாத்தா டேப்லெட் கொடுத்தார், பக்கத்துப் பிள்ளைக்குக் கலர் பென்சில் கொடுத்தார்னா, கலர் பென்சில் பிள்ளை "நான் என்ன தப்புப் பண்ணினேன்"னுதான் யோசிக்கும்.

ஸ்பேனர்_பை

சின்னம்மா சொன்னதோட ஒண்ணு. சொந்தக்காரங்க கொடுக்கிறதுல எண்ணிக்கையை விட உள்ள இருக்கிறதைப் பாருங்க. வீட்டுல மூணு வயசுக்குக் கீழ பிள்ளை இருந்தா, சுமார் 32 மி.மீ. விட்டமுள்ள குழலுக்குள்ள முழுசா அடங்குற எதுவும் அது கைக்குப் போகக் கூடாது. பெரியவனுக்கு வந்த பொம்மையோட பாகமும் இதுல சேரும். பொம்மையில பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கும், ஆனா பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டையிலும் மினுக்குற மெழுகுவர்த்தியிலும் பல நேரம் இருக்காது. சிஆர் 2032 மாதிரி 20 மி.மீ. லித்தியம் பட்டன் பேட்டரி தொண்டையில சிக்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக்குழாயைச் சுட்டுடும். வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரி. சின்னக் காந்த உருண்டைகளும் அப்படித்தான், ரெண்டு விழுங்கினா குடலுக்குக் குறுக்க ஒண்ணை ஒண்ணு இழுத்து ஓட்டை போடும். பேப்பர் குவியலைக் கட்டித் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் உதறிப் பாருங்க. திருகாணியும் பேட்டரியும் அதுலதான் போகும்.

குடில்கட்டி

எல்லாருக்கும் நன்றி. அந்த வீட்டுல இப்ப ஆளுக்கு ஒரு கலர் பேப்பர், பையனுக்குப் பச்சை, பாப்பாவுக்குச் சிவப்பு. 23-ஆம் தேதி ராத்திரி ரெண்டு வரிசையா தரையில அடுக்கி எண்ணிட்டு, கூடுதலா இருக்கிறதை எடுத்து வச்சிடுறாங்க. அவன் செஞ்ச அதே வேலைதான், ரெண்டு நாள் முன்னாடி பெத்தவங்க செய்றாங்க.

ஸ்பேனர் அண்ணா, இந்தத் தடவை பையனுக்கு சைக்கிள். பெடல் ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கு, எது இடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்பேனர்_பை

அச்சு முனையில பாருங்க, இடதுல "எல்", வலதுல "ஆர்" எழுத்து குத்தியிருக்கும். எழுத்து தேய்ஞ்சிருந்தா பெடலைப் படுக்கையா, அச்சு வலப்பக்கம் பார்க்கிற மாதிரி பிடிங்க. இப்ப உங்களுக்குத் தெரியுற பக்கத்துல மரைக் கோடு மேல போகும்போது எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க. இடப்பக்கம் சாய்ஞ்சா வலது பெடல், வலப்பக்கம் சாய்ஞ்சா இடது பெடல். மரையில கொஞ்சம் கிரீஸ் தடவிட்டு மாட்டுங்க, அடுத்த வருஷம் கழட்டணும்ல.