போர் அடிக்கக் குடுக்கேக்க கேளாமல் விட்ட கேள்வி

மாங்குளத்தான்:
ஹொண்டா சீஜி 125 மோட்டச்சைக்கிள், சிலிண்டரின்ர உள்துளையை (போர்) கடைஞ்சு பெருப்பிக்கக் குடுத்தது. "பவர் கூட்டித் தாங்கோ பாஸ்" எண்டதுக்கு "செய்யலாம்" எண்ட ஒரு சொல்லுதான் பதில். ஏ9 றோட்டில் ஏறிப் பத்து நிமிசத்தில் எஞ்சின் இறுகிப் பின்சில்லு பூட்டிக்கொண்டுது. கழட்டினால் பிஸ்ரன் ஸ்கேர்ட்டில் (பிஸ்ரனின்ர கீழ்ப்பக்கச் சுவர்) நாலு மூலையிலும் உராய்ஞ்ச கோடு. நாலு மூலை எண்டால் ஒயில் குறைவில்லை, பிஸ்ரனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இடைவெளி காணாது. சிலிண்டரை முதல் அடிச்சுப்போட்டுப் பிறகுதான் பிஸ்ரன் வாங்கியிருக்கினம். கேட்கவேண்டியது இதுதான்: "பிஸ்ரன் கையில இருக்கோ? மைக்ரோமீற்றர் வைச்சு அளந்து, எத்தினை மில்லிமீற்றர் விட்டு அடிப்பியள்?" ஃபோர்ஜ்ட் பிஸ்ரன் (வார்க்காமல் அழுத்தி அடிச்சுச் செய்தது) எண்டால் இன்னும் கூட விடவேணும், அது சூட்டில் கூட விரியும்.

முள்ளியவளை:
அண்ணை, இடைவெளி சரிதான். ஆனால் பவருக்கு ஓவர்சைஸ் (பெரிய அளவு பிஸ்ரன்) கேட்டதே பிழை. 56.5 மில்லிமீற்றர் போரை 57.5 ஆக்கினால் 124 சிசி 128.5 ஆகும், அவ்வளவுதான். நூற்றுக்கு 4 கூட இல்லை. சிலிண்டர் சுவர்தான் மெலியும். அதைவிட "கொம்பிரஷன் எத்தினைக்கு வரும், 92 பெற்றோலுக்குத் தாங்குமோ?" எண்டு கேட்டிருக்கலாம். கொம்பிரஷன் எண்டால் பெற்றோல்-காத்துக் கலவையை எத்தினை மடங்கு அமுக்குது எண்ட கணக்கு; 92 எண்டது ஒக்ரேன் இலக்கம். 9க்கு 1 இருந்த ஹெட்டில் (சிலிண்டரின்ர மேல்மூடி) அரை மில்லிமீற்றர் சீவினால் 9.7 கிட்ட வந்திடும். ரெண்டு மூட்டை நெல்லோட குளக்கட்டு ஏறேக்க "கிணிங் கிணிங்" கேட்டால் அதுதான் வருத்தம், கலவை தானா வெடிக்கிற சத்தம். சீஜி புஷ்ரொட் எஞ்சின் (நீளக் கம்பி தள்ளித்தான் வால்வு திறக்கும்), சீவின பிறகு டப்பெற்றும் (வால்வு இடைவெளி) திருப்பி வைக்கவேணும்.

பரந்தன்:
ரெண்டுபேரும் புழுதியை மறந்திட்டியள். முல்லைத்தீவு றோட்டை விட்டுக் கிறவல் பாதையில் இறங்கினால் எவ்வளவு நல்ல போரும் ஒரு கோடைக்குத்தான். காத்து ஃபில்டர் பெட்டியைக் கழட்டி எறிஞ்சு கூம்பு ஃபில்டர் போடுறவையைப் பார்க்கவே எரிச்சல் வரும். மண் போய் பிஸ்ரன் ரிங்கையும் போரின்ர மேல் விளிம்பையும் தின்னும். ஃபில்டருக்கும் காபரேற்றருக்கும் நடுவிலுள்ள றப்பருக்குள் மெல்லிசாக் கிறீஸ் பூசி ரெண்டு நாள் ஓடிப் பாருங்கோ. கிறீஸில் நறநறப்பு இருந்தால் எங்கேயோ வெடிப்பு. ஸ்பொஞ்ச் எண்டால் கழுவிக் காயவைச்சு, ஒயில் தோய்ச்சுப் பிழிஞ்சு போடவேணும். எஞ்சின் குடுக்கேக்கயே "ஃபில்டர் பெட்டியோடதான் ஜெட் பார்ப்பியளோ?" எண்டு கேளுங்கோ. ஜெட் எண்டால் காபரேற்றரில் பெற்றோல் போற சின்னத் துளை. பெட்டியில்லாமல் சரிபார்த்த ஜெட், பெட்டி போட்டதும் பெற்றோலைக் கூடக் குடிக்கும்.

மாங்குளத்தான்:
ஃபில்டரைப் பற்றி ஆர் கேட்டது? பில்லில் என்ன எழுதுவிக்கிறது எண்டு சொல்லுங்கோ.

முள்ளியவளை:
போர் அளவு மேல், நடு, கீழ். ஒவ்வொண்டும் குறுக்கும் நெடுக்குமாக, ஆறு இலக்கம். பிஸ்ரன் அளவு. ஹெட்டில் சீவினது எவ்வளவு. பழைய பிஸ்ரனையும் கேட்டு வாங்குங்கோ.