புதுப்பிப்பு: ஸ்கேட் போட்டால் பாதம் மரத்துப்போகிறது என்று கேட்டிருந்தேனே

புது ஐஸ் ஹாக்கி ஸ்கேட் (அடியில் பிளேடு வைத்த ஷூ) போட்ட அரை மணி நேரத்தில் பாதம் மரத்துப்போகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது: அளவு தவறு. ஷூ 9 போடுகிறேன் என்பதால் ஸ்கேட்டும் 9 வாங்கியிருந்தேன். ஹாக்கி ஸ்கேட்டை ஒன்று, ஒன்றரை அளவு குறைத்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே குதிகால் ஆடியது; அதை அடக்க நாடாவை இறுக்கி இறுக்கிக் கட்டியதால்தான் மரத்துப்போயிருக்கிறது.

இப்போது 7.5, அகலப் பாதத்துக்கான வகை. கடையிலேயே ஸ்கேட்டைச் சூடாக்கி, பாதத்தின் வடிவத்துக்குப் படியட்டும் என்று காலில் மாட்டி, அசையாமல் உட்காரவைத்தார்கள். நேராக நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை லேசாகத் தொடுகிறது. முழங்காலை மடக்கினால் விலகிக்கொள்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். நேற்று ஒரு மணி நேரம் ஆடினேன், வலியே இல்லை!

அப்புறம் மட்டை. பவுண்டில் உடல் எடையின் பாதிதான் ஃப்ளெக்ஸ் (மட்டையின் விறைப்பைச் சொல்லும் எண்; கூடினால் விறைப்பும் கூடும்) என்பது பொதுக் கணக்கு. எனக்கு 150 பவுண்டு, ஆக 75 போதும். ஆனால் 85 வாங்கி, மேலே 2 அங்குலம் வேறு வெட்டிவிட்டேன்; வெட்டினால் இன்னும் விறைக்கும்.

கழுத்துக் காப்பு தேவையா என்று கேட்டவருக்கு: 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆட்டத்தின் நடுவே இன்னொரு வீரரின் ஸ்கேட் பிளேடு கழுத்தில் வெட்டி ஐஸ் ஹாக்கி வீரர் ஆடம் ஜான்சன் இறந்தார். நான் வாங்கிவிட்டேன். தயவுசெய்து நீங்களும் போடுங்கள்.