அக்சஸ் தரவுத்தளத்தில் சம்பளப் படிவத்தைக் கணக்குப் பிரிவுக்கு மட்டும் திறப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். எங்கள் நூற்பாலையின் வருகைப்பதிவும் சம்பளமும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் மென்பொருளின் ஒரே ஏசிசிடிபி (.accdb) கோப்பில் உள்ளன. உள்நுழைவுப் படிவத்தில் பயனரின் குழுவை அறிந்து, கணக்குப் பிரிவைச் சேராதவர்களுக்கு முகப்பில் சம்பளப் பொத்தான் தெரியாதபடி விசிபிள் (தெரிவதா மறைவதா என்பதைத் தீர்மானிக்கும்) பண்பை மாற்றியிருக்கிறேன். ஆயினும், எஃப்11 விசையை அழுத்தினால் இடப்பக்கத்தில் எல்லாப் படிவங்களும் வந்துவிடுகின்றன; அங்கே இருமுறை சொடுக்கினால் சம்பளப் படிவம் திறந்துவிடுகிறது. பழைய எம்டிபி (.mdb) வடிவக் கோப்புகளில் இருந்த குழுவாரி அனுமதி வசதியையும் இதில் காணவில்லை. வழி கூற வேண்டுகிறேன்.

பதில்:
அக்சஸ் 2007-இல் அறிமுகமான ஏசிசிடிபி வடிவத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே, சோதனையைப் பொத்தானில் வைக்காமல் படிவத்திலேயே வையுங்கள். சம்பளப் படிவத்தின் ஓபன் நிகழ்வில் (படிவம் திறக்கத் தொடங்கும்போது இயங்கும் நிரலில்) குழுவைச் சரிபார்த்து, உரியவர் அல்லர் எனில் கேன்சல் மதிப்பை ட்ரூ ஆக்கினால், பொத்தான் வழியாக முயன்றாலும் இடப்பக்கப் பட்டியலில் இருமுறை சொடுக்கினாலும் அது திறக்காது. அதன் பின் வரும் லோட் நிகழ்வில் கேன்சல் இல்லாததால் இதைச் செய்ய இயலாது. இவ்வாறு திறப்பது ரத்தாகும்போது, பொத்தானின் நிரலில் 2501 என்ற பிழை எழும். அதை அங்கேயே கையாள வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா, படிவம் இப்போது திறப்பதில்லை. ஆனால், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி கோப்பைத் திறந்தால் உள்நுழைவுப் படிவமே வராமல், சம்பள அட்டவணையை நேரடியாகப் பார்க்க முடிகிறது.

மற்றொரு பதில்:
அலவ்பைபாஸ்கீ (AllowBypassKey) என்ற தரவுத்தளப் பண்பை நிரல் வழியே உருவாக்கி ஃபால்ஸ் ஆக்கினால் ஷிஃப்ட் வழி அடைபடும். எனினும், இவையெல்லாம் மறைப்பவையே அன்றித் தடுப்பவை அல்ல. தரவுக் கோப்பைப் படிக்கும் உரிமை உள்ள எவரும் வேறொரு வெற்று அக்சஸ் கோப்பிலிருந்து அந்த அட்டவணையை இணைத்துப் பார்த்துவிடலாம். தொழிலாளர்களின் சம்பள விவரம் என்பதால் இதை அலட்சியமாக விடக் கூடாது. சம்பள அட்டவணைகளை மட்டும் தனிக் கோப்பாகப் பிரித்து, சர்வரில் கணக்குப் பிரிவின் விண்டோஸ் குழுவுக்கு மட்டும் உரிமையுள்ள கோப்புறையில் வைத்து, இணைப்பாகச் சேருங்கள். பிறகு, படிவத்தின் நிரலை ஒருவர் தாண்டினாலும் தரவு அவருக்குக் கிட்டாது. தரவுக் கோப்பை யார் பயன்படுத்துகிறார்கள் என்று குறிக்க அக்சஸ் உருவாக்கும் பூட்டுக் கோப்பு அங்கேயே உருவாகி அழிய வேண்டியிருப்பதால், அக்குழுவுக்குப் படிக்கும் உரிமையோடு எழுதவும் அழிக்கவும் உரிமை கொடுங்கள். ஒரே அட்டவணைக்குள் சில பத்திகளை மட்டும் மறைக்கும் தேவை எழுந்தால், எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள சர்வர் மென்பொருளுக்கு மாறி அனுமதிகளை அங்கே வகுப்பதே முறை.