வீட்டு அலங்காரத் தளம் ஒன்று செய்தேன், கேட்டால் எல்லாரும் 'சூப்பர்' என்கிறார்கள், ஆனால் யாரும் திரும்ப வருவதில்லை

நாலுசுவர்:

வணக்கம். நான்கு மாதமாக வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து, வீட்டு அலங்காரப் பாணிகளுக்கென்று ஒரு தளம் செய்து போன மாதம் வெளியே விட்டேன். முதல் பக்கத்தில் பன்னிரண்டு பாணிகள்: ஸ்காண்டிநேவியன், பௌஹவுஸ், ஆர்ட் டெக்கோ, இண்டஸ்ட்ரியல், மினிமலிஸ்ட் என்று போகும். எதைத் தட்டினாலும் அதன் வரலாறு நாலு பத்தி, பிறகு படங்கள், அதற்கு ஒத்துப்போகும் நிறம், மரம், விளக்கு, துணி. 'உங்கள் பாணி எது' என்று ஒரு வினாடி வினாவும் உண்டு. பத்து ஜோடிப் படங்கள், ஒவ்வொரு ஜோடியிலும் பிடித்ததைத் தொட வேண்டும், கடைசியில் உங்கள் பாணி இதுதான் என்று சொல்லிவிடும்.

தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று நாற்பது பேருக்கு அனுப்பினேன். 'தளம் எப்படி இருக்கிறது' என்று ஒரே கேள்வி, ஐந்து நட்சத்திரம். முப்பத்தொரு பேர் பதில் போட்டார்கள், சராசரி 4.6. சந்தோஷமாகத்தான் இருந்தது, வருகைக் கணக்கைப் பார்க்கிற வரைக்கும். பெரும்பாலானவர்கள் வினாடி வினாவை முடித்ததும் போய்விட்டார்கள். மறு வாரம் திரும்ப வந்தது மூன்றே பேர், அதில் ஒருத்தி என் தங்கை. இன்னொரு விசித்திரம், வினாடி வினாவில் பாதிப் பேருக்கு மேல் ஸ்காண்டிநேவியன் என்றே வந்திருக்கிறது.

நட்சத்திரத்தை நம்புவதா, கணக்கை நம்புவதா? யாரிடம், என்ன, எத்தனை பேரிடம் கேட்பது? சுட்டியைக் கையெழுத்துக்குக் கீழே போட்டிருக்கிறேன், தாராளமாகத் திட்டலாம்.

பழைய_பெஞ்சு:

தம்பி, கணக்கை நம்புங்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்று 'நல்லா இருக்கா' என்று கேட்டால் யார்தான் இல்லை என்று சொல்லப் போகிறார்கள்? அந்த 4.6 உங்களுக்குக் கொடுத்தது, தளத்துக்கு இல்லை.

கேட்பதை விட்டுவிட்டு ஒரு ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். 'உங்கள் வீட்டில் கண்ணை உறுத்துகிற அறை எது? இந்தத் தளத்தை வைத்து அதற்கு ஏதாவது வழி கிடைக்கிறதா பாருங்கள், மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். அதற்கப்புறம் வாயைத் திறக்கக் கூடாது, இதுதான் கஷ்டம். அவர் தவறான இடத்தைத் தட்டும்போது கை தானாக நீளும், இழுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். 'இதை எங்கே தட்டணும்' என்று கேட்டால் 'நான் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்' என்று திருப்பிக் கேளுங்கள்.

நான் முன்பு திரைச்சீலை அளவு சொல்லும் ஒரு சின்னத் தளம் செய்தபோது ஒரு அம்மாவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு படத்தில் ஓரமாக நின்ற விளக்கை இரண்டு விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கப் பார்த்தார். படம் அசையவில்லை. மறுபடியும் விரித்தார். 'இந்த விளக்கு எவ்வளவு உயரம் இருக்கும்' என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார், அப்புறம் பெருமூச்சு விட்டுப் பக்கத்தை மூடிவிட்டார். நான் திரைச்சீலைக்காக ஆறு வாரம் உழைத்திருக்கிறேன், அவருக்குத் தேவைப்பட்டது விளக்கு. இது எந்தப் படிவத்திலும் வந்திருக்காது, ஏனென்றால் கேட்டிருந்தால் அவரும் ஐந்து நட்சத்திரம்தான் போட்டிருப்பார்.

எத்தனை பேர் என்றால், தளங்களைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று ஆராய்கிற ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியது பலருக்குத் தெரியும்: ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே சிக்கல்களில் ஏறத்தாழ 85 சதவீதம் கண்ணில் பட்டுவிடும் என்றார். ஒவ்வொரு ஆளும் சராசரியாக 31 சதவீதச் சிக்கலைக் காட்டிக்கொடுப்பார் என்ற கணக்கின் மேல் நிற்பது அது. எல்லாத் தளத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் பதினைந்து பேரை ஒரே நாளில் கூட்டுவதைவிட, ஐந்து பேரைப் பார்த்துத் திருத்தி, மறுபடி வேறு ஐந்து பேரைப் பார்ப்பது மேல் என்று அவர் சொன்னது என் அனுபவத்தில் சரியாகவே இருந்திருக்கிறது. எங்கே தட்டுத் தடுமாறுகிறார்கள் என்று பார்க்கத்தான் இந்த ஐந்து. எத்தனை சதவீதம் பேருக்குப் பிடிக்கிறது என்று இதில் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

தச்சன்_பேத்தி:

அந்த ஸ்காண்டிநேவியன் மர்மத்தை நான் அவிழ்க்கிறேன். உங்கள் வினாடி வினாவை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவையும் எனக்கும் ஸ்காண்டிநேவியன். எனக்கு அந்தப் பாணி அவ்வளவு பிடிக்காது.

மூன்றாவது ஜோடியைப் பாருங்கள். இடது பக்கம் பெரிய ஜன்னல், வெயில் தரையில் விழுகிறது, மேசை மேல் ஒரே ஒரு கோப்பை. வலது பக்கம் இண்டஸ்ட்ரியல், ராத்திரியில் எடுத்த படம், மஞ்சள் விளக்கு, 2700 கெல்வின் பல்பாகத்தான் இருக்கும், செங்கல் சுவரில் பாதி இருட்டு. நான் தொட்டது ஜன்னலை. அதாவது நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தை. ஐந்தாவது, எட்டாவது ஜோடியிலும் இதே கதை. யாரிடம் காட்டினாலும் கை அங்கேதான் போகும், இதில் பாணி எங்கே வந்தது?

சந்தேகமாக இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒரே ஸ்காண்டிநேவியன் அறையைப் பகலில் ஒன்றும் விளக்கொளியில் ஒன்றுமாக ஜோடி போட்டுக் காட்டுங்கள். எல்லாரும் பகலையே தொட்டால் உங்கள் வினாடி வினா இத்தனை நாள் எதை அளந்தது என்று தெரிந்துவிடும். சரியாகச் செய்ய வேண்டுமென்றால் ஒரே அறை, ஒரே கோணம், ஒரே வெளிச்சம், உள்ளே இருக்கிற சாமான் மட்டும் மாற வேண்டும். இப்போது அறையைக் கணினியில் வரைந்துகொள்ளலாம், அது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இடது வலது மாறி மாறி வரட்டும். 'இரண்டும் வேண்டாம்' என்றும் ஒரு பொத்தான் வையுங்கள், அது இல்லாததால் நான் நாலு இடத்தில் சும்மா எதையோ தொட்டேன்.

அப்புறம் கேள்வி. 'எது பிடிக்கிறது' என்பதும் 'இதில் எந்த அறையைத் தினமும் துடைத்துப் பெருக்கிக் குடியிருப்பீர்கள்' என்பதும் ஒன்றில்லை. ஆர்ட் டெக்கோவின் கண்ணாடியும் பித்தளையும் பார்க்க எனக்குப் பிடிக்கும், வீட்டுக்குள் விடமாட்டேன்.

இரவுப்பறவை:

சுருக்கமாகச் சொல்கிறேன், கைபேசியில் பார்த்த ஆள் நான்.

வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச் சாம்பல் எழுத்து. அழகுதான், படிக்க முடியவில்லை. சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு 4.5:1 வேறுபாடாவது இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல்தன்மை விதி, உங்களுடையது அதில் பாதி கூட வராது. முதல் படம் வந்து சேர்வதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. முதன்மைப் படம் 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்று கூகுள் வரையறுத்திருக்கிறது. படங்களைச் சுருக்குங்கள், கைபேசிக்குத் தனியாகச் சின்னப் படம் அனுப்புங்கள். பக்கம் திறந்த கொஞ்ச நேரத்திலேயே 'எப்படி இருக்கிறது' என்று படிவம் குறுக்கே பாய்கிறது, ஐயா நான் இன்னும் வாசற்படியையே தாண்டவில்லை.

நிறங்களுக்கு வெறும் கட்டங்கள் மட்டும் இருக்கின்றன, பெயர் இல்லை. எனக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரியாது. உங்கள் 'பாசிப் பச்சை'யும் 'செம்மண்'ணும் எனக்கு அண்ணன் தம்பி மாதிரி. பெயரை எழுதினால் போதும். யாரையாவது உட்கார வைத்து நிறம் பற்றிக் கேட்பதாக இருந்தால், முதலில் அவர் கைபேசியில் இரவு வடிகட்டி போட்டிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் உங்கள் நிறத்தைப் பற்றிப் பேசமாட்டார், மஞ்சள் பூசிய உங்கள் நிறத்தைப் பற்றிப் பேசுவார்.

அலமாரி:

எல்லாரும் சொன்னது சரி, ஆனால் அடித்தளத்திலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்று நினைக்கிறேன். பாணியின் பெயர் யாருக்குத் தேவை? பௌஹவுஸ் பக்கத்தைத் திறந்தால் 1919இல் ஜெர்மனியின் வைமாரில் கட்டடக் கலைஞர் வால்டர் க்ரோப்பியஸ் தொடங்கிய வடிவமைப்புப் பள்ளி, 1933இல் மூடப்பட்டது என்று ஆரம்பிக்கிறது. எனக்கு வரலாறு பிடிக்கும், ரசித்துப் படித்தேன், ஆனால் ஒருவர் அங்கே வருவது 'என் அறை சின்னது, இருட்டாக இருக்கிறது, என்ன செய்ய' என்ற கவலையோடு. அவருக்கு க்ரோப்பியஸ் நாலாவது பத்திக்குப் பிறகு வந்தால் போதும்.

ஒரு பழைய உத்தி இருக்கிறது. உங்கள் படங்களில் நாற்பதை அச்செடுத்து மேசையில் பரப்பி, 'உங்களுக்குத் தோன்றுகிறபடி குவியலாகப் பிரியுங்கள், ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு பெயர் சொல்லுங்கள்' என்று விட்டுவிடுங்கள். நான் வேறொரு வேலைக்காக இதைச் செய்தபோது ஒருவர்கூட மினிமலிஸ்ட் என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. வந்த பெயர்கள்: 'குழந்தை இருந்தால் ஆகாது', 'தினம் தூசி தட்டணும்', 'ஹோட்டல் மாதிரி', 'வாடகை வீட்டிலும் செய்யலாம்'. கடைசி இரண்டும் மூன்று பேர் வாயில் தனித்தனியாக வந்தன. அவற்றையே முதல் பக்கத்தில் போட்டுவிட்டு, பாணிப் பெயரை உள்ளே வைத்துவிடலாம்.

ஒரு சின்னக் குறை, கோபிக்க வேண்டாம். ஆர்ட் டெக்கோ என்ற பெயர் 1925இலேயே எல்லார் வாயிலும் இருந்தது போல எழுதியிருக்கிறீர்கள். பெயருக்கு மூலம் அந்த ஆண்டு பாரிஸில் நடந்த கண்காட்சி என்பது சரி. ஆனால் அது ஒரு பாணியின் பெயராகப் பரவலாகப் புழங்கியது 1960களில்தான்.

நாலுசுவர்:

அண்ணே, அக்கா, எல்லாருக்கும் நன்றி. இந்தப் பத்து நாளில் மூன்று பேரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது, ஒரு கட்டத்தில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

முதல் ஆள் வரலாற்றுப் பத்திகளைப் படிக்கவே இல்லை, விரலால் ஒரே தள்ளு. படங்களைப் பார்த்துவிட்டு 'இதெல்லாம் காலி வீடு, எங்கள் வீட்டில் சாமான் இருக்கிறதே' என்றார். இரண்டாவது பெண் கைபேசியைத் தூக்கித் தன் சோபாவுக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பழுப்புத் தோல் சோபா, தூக்கிப் போடவும் மனமில்லை, எதோடும் ஒட்டவும் மாட்டேன் என்கிறது. அதற்கு என் தளத்தில் ஒரு வரி கூட இல்லை. மூன்றாவது ஆளுக்கு எழுத்தே தெரியவில்லை, இரவுப்பறவை சொன்னது அப்படியே.

அதனால் முதல் கேள்வியை 'எந்தப் பாணி' என்பதிலிருந்து 'எந்தச் சாமான் அறையிலேயே இருக்கப் போகிறது' என்று மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

பழைய_பெஞ்சு:

எழுத்து நிறத்தை இன்றைக்கே மாற்றுங்கள், அதற்கு இன்னொரு சாட்சி வேண்டாம். சோபா விஷயத்தில் அவசரப்பட்டு முழுத் தளத்தையும் இடிக்காதீர்கள். ஒரு தாளில் அந்தக் கேள்வியைப் பேனாவால் வரைந்து அடுத்த இரண்டு பேரிடம் நீட்டுங்கள், விரல் எங்கே போகிறது பாருங்கள். தாளைக் கிழித்துப் போடுவது சுலபம். எண்தான் வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால் ஒன்றைப் பயன்படுத்துவது எவ்வளவு எளிது என்று அளக்க ஜான் ப்ரூக் 1986இல் அமைத்த பத்துக் கேள்விப் பட்டியல் இருக்கிறது, நூற்றுக்கு மதிப்பெண் வரும், 68ஐச் சராசரி என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதுவும் எங்கே வலிக்கிறது என்று சொல்லாது.

ஆமாம், திரும்ப வந்த அந்த மூன்று பேரிடம் பேசினீர்களா?

நாலுசுவர்:

இரண்டு பேர் யாரென்றே தெரியாது. தங்கையிடம் மட்டும் 'எதற்குத் திரும்ப வந்தாய்' என்று கேட்டேன். முதல் தடவை பார்த்த ஒரு புத்தக அலமாரிப் படம் அவளுக்குப் பிடித்திருந்ததாம், அதைத் தேடித்தான் வந்தாளாம். முக்கால் மணி நேரம் பன்னிரண்டு பாணியிலும் புகுந்து புகுந்து தேடியிருக்கிறாள், கிடைக்கவில்லை. படத்தைச் சேமித்து வைக்க நான் ஒரு வழியும் வைக்கவில்லை. நான் அதை என் தளத்தில் அதிக நேரம் செலவழித்த வாசகர் என்று கணக்கில் எழுதி வைத்திருந்தேன்.