இன்ஃபரன்ஸ்: தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்கிழமைக்குள் தேவை)

அன்புள்ள குழுவினருக்கு,

செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை மேகக் கணினியில் ஓட்டும் பின்தளப் பொறியாளர் நான். புதிதாகச் சேர்பவர்களுக்கான இயக்கக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். டிரெயினிங்குக்குப் ‘பயிற்சி’ வந்துவிட்டது. இன்ஃபரன்ஸில் நின்றுபோனேன். பயிற்சி முடிந்து எடைகள் (மாதிரி கற்றுக்கொண்ட எண்கள்) உறைந்த பிறகு, பயனரின் ஒவ்வொரு கோரிக்கையையும் மாதிரிக்குள் செலுத்தி விடை பெறுவதுதான் அது. இன்ஃபரன்ஸ் வழங்கி (சர்வர்), இன்ஃபரன்ஸ் செலவு, இன்ஃபரன்ஸ் வரிசை என்று எப்போதும் இன்னொரு சொல்லோடு ஒட்டியே வருகிறது. இன்ஃபரன்ஸுக்கு ‘உய்த்துணர்வு’ என்று வைத்து, வழங்கிகளுக்கு வேலையைப் பிரித்துவிடும் கருவியை ‘உய்த்துணர்வு வழங்கிச் சுமைப் பகிர்வி’ என்று எழுதிப் பார்த்தேன். நள்ளிரவில் எச்சரிக்கை வந்து எழுந்தவருக்கு இவ்வளவு நீளம் ஆகாது.

———

அம்மா,

உய்த்துணர்வை அவசரப்பட்டுக் கைவிடாதீர்கள். நன்னூல் சொல்லும் 32 நூல் உத்திகளில் கடைசியாக நிற்பது ‘உய்த்துணர வைப்பு’. நீளம்தான் குறை என்றால் ‘கருதல்’ இருக்கிறது. காண்டல் (நேரே காண்பது), கருதல் (கண்டதிலிருந்து காணாததைத் துணிவது), உரை (நம்பத்தக்கவர் சொல்) என்பவை நம் அளவை மரபு, அதாவது அறியும் வழிகள். மணிமேகலையின் 29ஆம் காதையில் மலையில் புகை கண்டு நெருப்பைத் துணிகிறார்கள். அடுக்களை அதற்கு எடுத்துக்காட்டு. அனுமானம் என்ற வடசொல்லை ஏன் நாட வேண்டும்? ‘கருது’ என்பது உள்ளே உருக்கொள்வது என்னும் பொருளில் ‘கரு’விலிருந்து கிளைத்தது என்பது என் துணிபு.

———

ஐயா, வணக்கம்.

நான் புள்ளியியல் கற்பிக்கிறேன். எங்கள் துறையில் இன்ஃபரன்ஸ் என்றால் தரவைக் கொண்டு அறியாத அளவுருவை மதிப்பிடுவது. இவர்கள் துறையில் அந்த வேலை நடப்பது பயிற்சியின்போது! கருதல், அனுமானம், உய்த்துணர்வு எதை வைத்தாலும் என் மாணவர்கள் நேர் எதிரான இடத்தைத்தான் நினைப்பார்கள். ஆங்கிலத்தில் நேர்ந்த குழப்பத்தை நாமும் சுமக்க வேண்டாம். ‘மாதிரி’யிலேயே ஏற்கெனவே தவிக்கிறோம்: எங்களுக்கு அது சாம்பிள், அதாவது முழுத் தொகுதியிலிருந்து எடுத்த சிறு பகுதி; இவர்களுக்கு மாடல். ‘விடையாக்கம்’ என் பரிந்துரை. கேட்டவுடன் புரியும்.

———

விடையாக்கம் புரிகிறது. ஆனால் எங்கள் மாதிரிகளில் சில விடை தருவதில்லை. ஒரு வாக்கியத்தை எண்களின் வரிசையாக மாற்றிக் கொடுப்பதோடு சரி. அதுவும் இன்ஃபரன்ஸ்தான்.

உள்ளே நடப்பதைப் பாருங்கள். 7,000 கோடி அளவுருக்கள் (எடைகளாக உள்ள எண்கள்), ஒன்றுக்கு 2 பைட் என்றால் எடைகள் மட்டும் 140 ஜிகாபைட். 80 ஜிகாபைட் நினைவகமுள்ள ஒரு ஜிபியுவில் (இக்கணக்குகளைச் செய்யும் சில்லில்) அடங்காமல் பிரித்து வைக்கிறோம். கேள்வியை ஒரே வீச்சில் படித்து முடித்த பிறகு விடை டோக்கன் டோக்கனாக, அதாவது சொல் துணுக்கு துணுக்காகப் பிறக்கிறது. அந்த ஒவ்வொரு எட்டுக்கும் எடைகள் அனைத்தும் நினைவகத்திலிருந்து மறுபடி ஓடிவர வேண்டும். எங்கள் தாமதத்தின் பெரும்பகுதி அந்த ஓட்டத்தில் போகிறது. இதில் உணர்தல் எங்கே? உய்த்தல்தான் இருக்கிறது. உய்த்தல் என்றால் செலுத்துதல். ‘நன்றின்பால் உய்ப்ப தறிவு’ என்ற குறளில் இருப்பது அதுவே. உய்த்துணர்விலிருந்து உணர்வை நீக்கி ‘உய்ப்பு’ என்போமே. உய்ப்பு வழங்கி, உய்ப்புச் செலவு.

———

மகிழ்ச்சி அம்மா. உய்தல் தன்வினை, உய்த்தல் பிறவினை, இலக்கணம் இடங்கொடுக்கிறது. ஆனால் உய்ப்பு என்றதும் இன்றைய வாசகர் காதில் விழுவது உய்வு, அதாவது கடைத்தேறல். தட்டச்சில் ‘ய்’ விடுபட்டால் உப்பு. கருதலே என் நிலை.

———

நண்பர்களே, குறுக்கிடுகிறேன். கணினியின் பதிவேடுகளிலும் (லாக்) பிழைச் செய்திகளிலும் இருக்கப்போவது ‘இன்ஃபரன்ஸ்’ மட்டுமே. பழுது பார்ப்பவர் அதைத்தான் தேடுவார். தமிழ் எழுத்தில் அப்படியே விடுங்கள். பஸ்ஸைப் பேருந்து ஆக்க நமக்குக் காலம் இருந்தது, வெள்ளிக்கிழமைக்கு இல்லை.

———

காலம் இல்லை என்றே ஒவ்வொரு சொல்லையும் விட்டுக்கொடுத்தால் என் கையேட்டில் தமிழாக மிஞ்சுவது வேற்றுமை உருபுகள் மட்டும்தான். அதற்கு நான் உடன்படமாட்டேன். பதிவேட்டில் உள்ள சொல்லை முதல் முறை வரும் இடத்தில் காட்டினால் தேடுபவர் தொலைந்துபோக மாட்டார்.

———

இன்று கையேட்டை ஒப்படைத்துவிட்டேன். நால்வர் விடையாக்கத்தின் பக்கம் நின்றதால் அதையே வைத்தேன். முதல் முறை வரும் இடத்தில் ‘இன்ஃபரன்ஸ் எனப்படும் விடையாக்கம்’ என்று எழுதினேன். எண் வரிசை தரும் மாதிரிகளுக்கான ஒரே ஓர் அதிகாரத்தில் உய்ப்பு இருக்கிறது. அதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

———

ஒரே கையேட்டில் ஒரே செயலுக்கு இரு சொற்களா? ஏற்க இயலாது. அதோடு, மாதிரி தானாகப் பயில்வதில்லை, நாம்தான் பயிற்றுகிறோம். அப்படியிருக்க, ‘பயிற்சி’ எப்படிச் சரியாகும்? ‘பயிற்றல்’ அல்லவா?