மறு: ‘ஆதாரமற்ற தகவல்’ – மாற்றுச் சொல் தேவை

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். நம் சொற்பட்டியலுக்காக ‘ஆதாரமற்ற தகவல்’ என்பதற்கு மாற்றுச் சொல் தேடும் இந்த இழையில் மன்னார்குடி அண்ணனும் மயிலாடுதுறை வழக்கறிஞர் அம்மாவும் எழுதியதை எல்லாம் சேர்த்து வைத்துப் படித்தேன். சொல் ஏற்கெனவே இருக்கும் இடங்களிலேயே நாம் சுற்றிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. ஃபேக்ட் செக் என்பதற்குத் தகவல் சரிபார்ப்பு நிலைத்துவிட்டது. தமிழக அரசே தன் பிரிவுக்குத் தகவல் சரிபார்ப்பகம் என்று பெயர் வைத்துவிட்டது. ஃபேக் நியூஸுக்குப் பொய்ச் செய்தி, போலிச் செய்தி இரண்டும் ஓடுகின்றன, எது ஜெயித்தாலும் நமக்கு நஷ்டமில்லை. சான்றுகளை எடைபோட்டுப் பார்ப்பதற்குச் சீர்தூக்கல் என்ற பழைய சொல்லே போதும். ‘நிறுத்தல்’ வேண்டாம். ‘செய்தியை நிறுத்தினோம்’ என்று எழுதினால் எடை போட்டோமா, வெளியிடாமல் விட்டோமா என்று யாருக்கும் விளங்காது.

சொல் இல்லாத இடம் வேறு. ஒருவர் ஒன்றைச் சொல்கிறார். அது உண்மை என்று இன்னும் யாரும் காட்டவில்லை, பொய் என்றும் காட்டவில்லை. அந்த நிலைக்குப் பெயர் என்ன?

நாளிதழ்களில் மூன்று வழக்குகள் இருக்கின்றன. வதந்தி என்கிறார்கள். அதில் காவல் நிலைய வாடை அடிக்கிறது. ‘வதந்தி பரப்பினால் கடும் நடவடிக்கை’ என்ற வரியோடு ஒட்டியே அந்தச் சொல் வளர்ந்துவிட்டது. அடுத்து, ஆதாரமற்ற தகவல். இது இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டு மூடுகிறது. தேடிப் பார்த்தோம், ஆதாரம் இல்லை என்பது ஒன்று. இன்னும் ஒருவரும் தேடவே இல்லை என்பது இன்னொன்று. அதிகாரிகள் தரும் மறுப்பில் ‘ஆதாரமற்றது’ என்று வந்தால், பெரும்பாலும் இரண்டாவதை முதலாவது போலச் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம். மூன்றாவது, உறுதிப்படுத்தப்படாத தகவல். நேர்மையான சொல்தான். ஆனால் தலைப்பில் அடங்காது, யார் உறுதிப்படுத்த வேண்டும் என்பதையும் சொல்லாமல் நழுவிவிடுகிறது.

இனி அண்ணன் எழுதியது:

> கருக்காய்ச் செய்தி என்று வைக்கலாமே. நெல்லும் இல்லை, பதரும் இல்லை. பால் பிடித்திருக்கும், முற்றியிருக்காது. நம்ம பக்கத்து ஆளுக்கு விளக்கமே தேவையில்லை. அதைச் சரிபார்க்கிற வேலைக்குத் தூற்றாய்வு.

அண்ணே, கேட்டவுடன் பிடித்துப்போனது. ஆனால் கருக்காய் களத்துக்கு வந்த பிறகு நெல்லாகாது. அதன் கதை வயலிலேயே முடிந்துவிட்டது. நாம் பெயர் தேடுகிற கூற்று அப்படிப்பட்டதில்லை. நாளைக் காலை ஓர் அரசாணை வந்தால் அது முழு மணியாகிவிடும். கொள்முதல் நிலையத்தில் கருக்காயைப் பார்த்தால் கழித்துக்கட்டுவார்கள், இங்கே கழிக்கும் உரிமை இன்னும் யாருக்கும் வரவில்லை. தூற்றாய்வுக்கு வேறு சிக்கல். தூற்றுவதற்கு நம் மொழியில் இரண்டு பொருள். முகநூலில் இரண்டாவது பொருளில் அந்த வேலை ஏற்கெனவே தாராளமாக நடக்கிறது, அதற்குக் கலைச்சொல் அந்தஸ்தும் கொடுக்க வேண்டாம்.

என் முன்மொழிவு இது. அந்த நிலையில் இருக்கும் கூற்றுக்கு நிலுவைக் கூற்று. அதை மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்புக்கு, அதாவது ஆங்கிலத்தில் பர்டன் ஆஃப் ப்ரூஃப் என்கிறார்களே அதற்கு, சான்றுக்கடன்.

நிலுவை என்ற சொல்லை டெல்டாக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் நிலுவை, கரும்புக்கு ஆலை தர வேண்டிய நிலுவை, கோர்ட்டில் நிலுவை வழக்கு. இந்த எல்லா இடத்திலும் அது இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறது: விவகாரம் முடியவில்லை, ஒருவர் இன்னொருவருக்கு ஏதோ தர வேண்டியிருக்கிறது. ‘ஆதாரமற்ற’ என்பதில் இந்த இரண்டாவது பாதி அடியோடு கிடையாது. எனக்கு முக்கியம் அதுதான்.

பயன்படுத்திப் பார்ப்போம். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் வாட்ஸ்அப் குழுக்களில் தவறாமல் ஒரு செய்தி வரும்: ‘ஈரப்பதம் 22 சதவீதம் வரை எடுக்க உத்தரவு வந்துவிட்டது’. அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். மழை ஆண்டுகளில் மாநில அரசு வரம்பைத் தளர்த்தக் கேட்கும். மத்தியக் குழு வரும், கொள்முதல் நிலையங்களில் மாதிரி எடுக்கும், ஆய்வகத்துக்கு அனுப்பும், அதற்குப் பிறகுதான் தளர்வு உண்டா, உண்டென்றால் எத்தனை சதவீதம் என்று முடிவாகும். கேட்டதுதான் கிடைக்கும் என்றும் இல்லை. இந்தச் சங்கிலியில் ‘கேட்டிருக்கிறார்கள்’ என்பதற்கும் ‘வந்துவிட்டது’ என்பதற்கும் நடுவே பல நாள் இருக்கிறது. அந்த நாள்களில் ரோட்டோரம் நெல்லைக் கொட்டி, தார்ப்பாயை மூடுவதும் விரிப்பதுமாக நிற்கிறவருக்கு, இன்னொரு நாள் காயவைப்பதா, இன்றே கொண்டுபோய் வரிசையில் போடுவதா என்பது அந்த ஒற்றை வினைமுற்றில் தொங்குகிறது.

அந்தச் செய்தியைப் பொய் என்று சொல்ல முடியுமா? முடியாது, நாளைக்கே உத்தரவு வரலாம். வதந்தி என்றால் அனுப்பிய பையன் மேல் வழக்கு போட்டது போல ஆகிவிடும். ‘இது நிலுவைக் கூற்று, உத்தரவு எண்ணும் தேதியும் எங்கே?’ என்று கேட்டால் யாரையும் திட்டவில்லை, ஆனால் யார் எதைக் காட்ட வேண்டும் என்பது தெளிவாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் நிலுவையில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சோம்பலுக்கும் இந்தச் சொல் இடம் தரக் கூடாது. ‘மேட்டூரில் வினாடிக்கு 10,000 கன அடி திறந்தார்கள், ஒரே நாளில் 10 டிஎம்சி போய்விட்டது’ என்று ஒருவர் எழுதினால் அது நிலுவை இல்லை. நாளுக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 86.4 கோடி கன அடி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. ஆக, ஒரு டிஎம்சிகூட முழுசாகப் போகவில்லை. கைபேசிக் கணிப்பானிலேயே தீர்ந்துபோகிற கூற்றைத் தவறு என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொரு வகையும் உண்டு. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று, கர்நாடகம் விடும் நீரை மாநில எல்லையில் அளக்கும் பில்லிகுண்டுலுவுக்கு வர வேண்டியது 177.25 டிஎம்சி என்றது. அது சாதாரண ஆண்டுக்கான கணக்கு, ஜூனில் தொடங்கி மே வரை. ஜூலை மாதத்தில் ‘177.25 வரவில்லை’ என்று கொதிப்பதில் பொருளில்லை. அந்த மாதத்துத் தவணை 31.24, ஜூனுக்கு 9.19. அதை வைத்துக் கேட்டால் பில்லிகுண்டுலு அளவீட்டில் பதில் இருக்கிறது. கேள்வியைச் சரியாக வெட்டினாலே பாதி நிலுவை தீர்ந்துவிடும்.

பழைய தமிழில் இதற்கு இடம் இருந்ததா என்று ஒருவர் கேட்டிருந்தார். அளவை நூல், அதாவது தர்க்க நூல் மரபில், ஒன்றை அறியும் வழிகளைக் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (நம்பத் தகுந்தவர் சொல்) என்று பிரித்தார்கள். இன்றைக்கும் இந்தப் பிரிப்பு உபயோகம்தான். 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்தது. ஊரே பார்த்தது, அது காண்டல். ‘ஊர்க் கிணறெல்லாம் கெட்டுவிட்டது’ என்பதும் ‘ஒரு பாதிப்பும் இல்லை’ என்பதும் கருதல். இரண்டுக்குமே மாதிரி எடுத்த இடம், ஆழம், தேதி, ஆய்வக முடிவு வேண்டும். நம் பின்னூட்டங்களில் முதலாவதற்கு மட்டும் ஆதாரம் கேட்டுவிட்டு, அலுவலகத் தாளில் வந்தது என்பதாலேயே இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். மறுப்பும் ஒரு கூற்றுதானே?

மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்லும் இடத்தில் ஐதிகம் என்று ஒன்று வருகிறது. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று உலகம் சொல்வதைக் கொண்டு அப்படியே தெளிவது. இன்றைய பார்வர்டு செய்திக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது! ஆனால் ஐதீகம் இன்று கோயில் திருவிழாச் செய்திகளில் குடியேறிவிட்டது, அதைக் கிளப்பிக் கொண்டுவர முடியாது.

இனி வழக்கறிஞர் அம்மாவின் ஆட்சேபம்:

> மெய்ப்பிக்கும் சுமை என்று சட்டத் தமிழில் இருக்கிறது, புதிது எதற்கு? கடன் என்று வைத்தால் அது எப்போதும் சொன்னவர் தலையில்தான் விழும். கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காசு கேட்டார்கள் என்று எழுதும் விவசாயி ரசீதுக்கு எங்கே போவார்?

அம்மா, இந்த இழையில் வந்த கேள்விகளிலேயே கனமானது இது. காசு வாங்கியவர் ரசீது தரமாட்டார் என்பது ஊரறிந்தது. அந்த விவசாயியிடம் ‘ஆதாரம் இருக்கிறதா’ என்று ஒரே வரியில் கேட்டு வாயை அடைப்பதுதான் இப்போது நடக்கிறது. ஆனால் இதற்கு வழி நீங்கள் தினமும் புரட்டும் சட்டத்திலேயே இருக்கிறதே. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் 101-ஆம் பிரிவு, ஒன்றைச் சொல்கிறவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. 106-ஆம் பிரிவு, ஒரு விவரம் குறிப்பாக ஒருவருக்கு மட்டுமே தெரிந்தது என்றால் அதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவருடையது என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் அவை 104, 109 ஆகிவிட்டன, சாரம் மாறவில்லை. கோர்ட்டில் 106-ஐ அவ்வளவு எளிதில் இழுக்க முடியாது என்று நீங்கள் சொல்வீர்கள், சரி. பொது விவாதத்துக்கு அதன் நியாயம் போதும்.

அதாவது விவசாயி தன்னிடம் இருப்பதைச் சொல்ல வேண்டும். எந்த நிலையம், எந்தத் தேதி, எத்தனை மூட்டை, கேட்டது எழுத்தரா, சுமை தூக்குபவரா, தராதபோது என்ன நடந்தது. அவ்வளவும் அவர் கண்ணால் கண்டது, அதைச் சொன்னதோடு அவர் பங்கு தீர்ந்தது. 40 கிலோ மூட்டையின் எடைப் பதிவு, ஈரப்பதப் பதிவு, அவர் வரிசையில் எத்தனை நாள் நின்றார் என்ற கணக்கு எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அங்கிருந்து ‘ஆதாரமற்றது’ என்று ஒற்றைச் சொல் மட்டும் வந்தால், இப்போது நிலுவை அவர்களுடையது. பத்துப் பேர் வேறு வேறு நிலையங்களிலிருந்து ஒரே மாதிரி எழுதினால் அந்தக் கடன் இன்னும் ஏறும். ஒரே பதிவைப் பத்துப் பேர் பகிர்ந்தால் ஏறாது. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல்தான் பகிர்வு எண்ணிக்கையைச் சாட்சி எண்ணிக்கையாக நினைத்துக்கொள்கிறோம்.

கடன் கைமாறும் என்பது நம் பேச்சிலேயே இருக்கிறது. சுமையை இறக்கி வைக்கலாம், தூக்கி வீசவும் செய்யலாம். கடனைத் தீர்க்கத்தான் வேண்டும். தவிர, கடனுக்குக் கடமை என்ற பொருளும் இருக்கிறது, நேர்த்திக்கடன் போல. காலைக்கடனை நினைத்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். இலங்கைச் சட்டத் தமிழில் எண்பித்தல் என்கிறார்கள், அழகான சொல். ஆனால் இங்கே அதை எண்ணுவதோடு குழப்பிக்கொள்வார்கள்.

சொற்பட்டியலுக்கு எடுத்துக்காட்டு வாக்கியங்கள்: ‘ஈரப்பதத் தளர்வு பற்றிய செய்தி இன்று மாலை வரை நிலுவைக் கூற்றாகவே இருக்கிறது.’ ‘பதிவேட்டை வெளியிடாதவரை சான்றுக்கடன் நிலைய நிர்வாகத்தைச் சேர்ந்தது.’

கும்பகோணத்திலிருந்து,
பட்டியல் பொறுப்பாளர்

———

தம்பி, கருக்காயை விட்டுக்கொடுத்தேன். ஆனால் அது நெல்லாகாது என்று எனக்கே பாடம் எடுத்ததைக் குறித்து வைத்திருக்கிறேன். ‘நிலுவைக் கூற்று’ கொஞ்சம் அலுவலக வாடையாக இருக்கிறது. பேச்சில் ‘அந்தச் சேதி நிலுவையில் நிக்குது’ என்றால் என் பக்கத்து வயல்காரருக்கும் புரிகிறது, கேட்டுப் பார்த்தேன். அந்த வடிவத்தையும் பட்டியலில் போடு.

மன்னார்குடி

———

109-ஐ இப்படி இழுப்பதைப் பார்த்தால் என் சீனியர் சண்டைக்கு வருவார். குற்ற வழக்கில் அரசுத் தரப்பு முதலில் தன் பங்கை மெய்ப்பித்த பிறகுதான் அந்தப் பிரிவே பேசும். அதனால் ஒரு நிபந்தனை: சட்டப் பகுதியில் மெய்ப்பிக்கும் சுமை அப்படியே இருக்கட்டும், சான்றுக்கடன் இதழியல் பகுதியில் மட்டும். இரண்டையும் ஒரே பொருள் என்று குறுக்குக் குறிப்புப் போடாதீர்கள். ‘முதலில் தன் பங்கு, பிறகு கைமாறும்’ என்ற வரிசையை விளக்கத்தில் எழுதினால் எனக்குச் சம்மதம்.

மயிலாடுதுறை

———

அம்மா, அப்படியே செய்கிறேன். அண்ணே, ‘நிலுவையில் உள்ள சேதி’ என்று பேச்சு வழக்காகச் சேர்த்துவிட்டேன். சான்றுக்கடன் ஒரே சொல்லாக, இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். பிரித்து எழுதினால் வங்கிக் கடனுக்கான சான்று என்று தேடுபொறி எங்கேயோ கொண்டுபோய் விடுகிறது. ஞாயிறு வரை வேறு மறுப்பு வராவிட்டால் இரண்டையும் ஏற்றிவிடுகிறேன்.